பட்டத்து வாரிசு என்று மகனை வைத்துக்கொண்டார்கள். நான் என்ன செய்வது?

பழைய ஜமீன் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்ட ஒரு தாயின் கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. காட்பாடியில் பெற்றோருடனும் தம்பியுடனும் இருக்கிறார்; மருத்துவ ஆய்வகம் ஒன்றில் வேலை. கணவரின் குடும்பம் சித்தூர் பக்கத்துப் பாளையக்காரர் வழியில் வந்தது. ஜமீன் போய்த் தலைமுறைகள் ஆகியும் ஊரில் அந்த வீட்டுக்கு அரண்மனை என்றுதான் பெயர், மாமியாருக்கு ராணியம்மா என்றுதான் மரியாதை. கணவர் அந்த வீட்டின் இளைய மகன். அங்கிருந்து விலகி, திருமணமான நாள் முதல் காட்பாடியில் வாடகை வீட்டில் குடும்பம் நடத்தியவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். மகனுக்கு வயது 9, மகளுக்கு 4. கணவரின் அண்ணனுக்குக் குழந்தை இல்லை.

போன மே மாத விடுமுறைக்கு மகனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பள்ளி திறக்கும் நேரத்தில் மாமியார், "பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். இந்த ஒரு வருஷம் மட்டும் பேரன் என்னோடு இருக்கட்டும்" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்ப, இவரும் மனம் இளகிச் சரி என்றிருக்கிறார். பையனை அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். தசராவன்று அவனுக்குத் தலைப்பாகை கட்டி, பழைய வாளைக் கையில் கொடுத்து, தாத்தாவின் நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படம் உறவினர்களிடையே சுற்றியது. தீபாவளிக்கு அழைத்துவரப் போனவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அவன் பட்டத்து வாரிசு, பெரியப்பாவுக்குச் சுவீகாரம் போகிறான். பெண் குழந்தையை நீ வளர்த்துக்கொள்" என்பது மாமியாரின் முடிவு. மகனுக்கு அண்ணனே காப்பாளர் என்று கணவர் எழுதியதாக ஓர் உயிலின் நகலையும் காட்டியிருக்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, வாரிசுச் சான்றிதழுக்கு என்று சொல்லி இரண்டு வெற்றுப் பத்திரத்தாள்களில் இவரிடம் கையெழுத்து வாங்கியதும் இப்போது உறுத்துகிறது.

கடைசிப் பகுதி அவர் சொற்களிலேயே: "உயில் இருப்பதால் எனக்கு உரிமை இல்லை என்கிறார்கள். வேறு மாநிலம் என்பதால் வேலூர் கோர்ட்டால் ஒன்றும் செய்ய முடியாதாம். என் பெற்றோர் மறுமணம் பற்றிப் பேசுகிறார்கள்; அப்படிச் செய்தால் மகளையும் எடுத்துக்கொள்வோம் என்கிறார் மாமியார். என் சம்பளத்தில் அந்த வீட்டு வசதியை என்னால் கொடுக்க முடியாது. மகனைக் கூட்டிவந்தால் அவன் சொத்து போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. போலீசோடு போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா? போன வாரம் போனில் அவனே, 'நான் ராஜா ஆகப் போகிறேன், வர மாட்டேன்' என்று சொல்லிவிட்டான்."

அம்மா, உங்கள் கேள்விகள் பலவாக இருந்தாலும் அவற்றின் அடியில் கிடப்பது ஒரே தவறான எண்ணம்தான்: மகன் சொத்தோடு சேர்ந்தவன், சொத்து எங்கேயோ அவனும் அங்கே என்பது. உங்கள் மாமியார் அப்படி நம்புவதில் வியப்பில்லை. நீங்களும் நம்பத் தொடங்கியிருப்பதுதான் எனக்குக் கவலை. இன்றைய சட்டத்தில் பிள்ளை யாரிடம் வளர்வது என்பது ஒரு வழக்கு, அவனுக்கு என்ன பங்கு என்பது வேறொரு வழக்கு. முதல் வழக்கில் நீதிபதி பார்ப்பது பையனின் நலனை. இரண்டாவதில் அவன் எந்த வீட்டில் தூங்கி எழுகிறான் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

அந்த வீட்டாரின் நம்பிக்கைக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. ஜமீன் காலத்தில் வாரிசு மைனராக இருந்தால், 1902-ஆம் ஆண்டின் சென்னை கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் சட்டப்படி ஜமீனை அரசே எடுத்து நடத்த முடியும். பையன் எங்கே இருப்பது, என்ன படிப்பது என்பதும் அதனோடு சேர்ந்து போகும். அப்படிப் பல ஜமீன் வாரிசுகள் தாயை விட்டுப் பிரிந்து சென்னையில் நியூவிங்டன் மாளிகையில் வளர்ந்தார்கள். பேஷ்குஷ், அதாவது ஜமீன் அரசுக்குக் கட்டும் தொகை, தவறாமல் வர வேண்டும் என்ற அக்கறை அதில் முன்னே நின்றது. தாயின் கண்ணீர் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. வேலூர்க்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். திப்புவின் பிள்ளைகளும், பிறகு கண்டியின் கடைசி மன்னரும் நம் கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்தார்கள். அரச வீட்டுப் பிள்ளை என்றால் யாராவது ஒருவர் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பழக்கத்தை இந்த ஊர் போதுமான அளவு பார்த்துவிட்டது.

சரி, பட்டம் என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? சித்தூர்ப் பாளையங்கள் 1911 வரை வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. சித்தூர் தனி மாவட்டமானது அந்த ஆண்டில்தான். 1948-இல் சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோதும் சித்தூர் இந்த மாகாணத்துக்குள்தான் இருந்தது. ஆகவே அந்த ஜமீனும் அதே சட்டத்தோடு முடிந்தது. 1971-இல் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் மன்னர் என்ற அங்கீகாரத்தையும் மன்னர் மானியத்தையும் நீக்கியது. ஜமீன்தார்கள் அந்த மன்னர் பட்டியலில் முதலிலிருந்தே இல்லை. ஆற்காடு இளவரசர் பட்டம் மட்டும் விக்டோரியா அரசி காலத்திலிருந்து தொடரும் தனிக் கதை. அதைக் காட்டி எங்களுக்கும் உண்டு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மூத்த ஆண் வாரிசுக்கே எல்லாம் என்ற வழக்கத்தை 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் செல்லாததாக்கிவிட்டது. அதில் விட்டுவைத்த ஒன்றிரண்டு விதிவிலக்குகள், மன்னர்கள் இந்திய அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கை போன்றவற்றுக்கானவை. ஒரு பாளையக்காரர் வீட்டு வழக்கத்துக்கு அந்தக் கதவு திறக்காது.

கோயில் திருவிழாவில் முதல் மரியாதை, தசராவுக்குத் தலைப்பாகை என்பதெல்லாம் வீட்டுப் பெருமை. அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அதற்காகப் பையன் வருடம் முழுவதும் அங்கே குடியிருக்க வேண்டியதில்லை. காட்பாடியிலிருந்து பஸ் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

உயில் செல்லாது, ஏன்?

இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, பிரிவு 6-இன்படி மைனரின் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய். 'அவருக்குப் பின்' என்பது தந்தை இறந்த பிறகுதான் என்று இல்லை, அவர் பொறுப்பேற்காத நிலையிலும் தாயே காப்பாளர் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு அந்த விவாதமே வேண்டாம். கணவர் இல்லை, நீங்கள்தான் காப்பாளர். பாட்டியும் பெரியப்பாவும் அந்தப் பட்டியலில் இல்லை.

உயில் உண்மையாகவே உங்கள் கணவர் எழுதியது என்றே வைத்துக்கொள்வோம். அதே சட்டத்தின் பிரிவு 9, தந்தை உயிலின் மூலம் காப்பாளரை நியமிக்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே ஒரு கட்டுப்பாடு போடுகிறது: தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த நியமனத்துக்கு விளைவு இல்லை. ஆகவே, கையெழுத்து கணவருடையதுதானா என்ற ஆராய்ச்சியில் இப்போது காலத்தைச் செலவிடாதீர்கள்.

ஆனால் அந்தப் பிரிவில் இன்னொரு வரியும் உண்டு, கவனியுங்கள். தாய் தன் உயிலில் யாரையும் காப்பாளராக நியமிக்காமல் இறந்துபோனால், தந்தையின் உயில் மறுபடியும் உயிர்பெறும். அதனால் நீங்கள் இந்த மாதமே ஓர் உயில் எழுத வேண்டும். உங்களுக்குப் பின் இரு குழந்தைகளுக்கும் காப்பாளர் யார் என்று அதில் பெயர் குறிப்பிடுங்கள். உங்கள் பெற்றோரின் வயதைப் பார்த்தால் தம்பி பொருத்தமாகப் படுகிறது. 34 வயதில் உயிலா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

இயற்கைக் காப்பாளர் என்பதாலேயே நாளைக்கே தீர்ப்பு உங்கள் பக்கம் என்று நினைத்துவிடவும் கூடாது. பிரிவு 13, மைனரின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருளும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973-இல் ரோசி ஜேக்கப் வழக்கில் சொன்னது, அது நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுக்கப்போவது 2008-ஆம் ஆண்டின் நீல் ரத்தன் குண்டு வழக்கை. அதில் தந்தை உயிரோடு இருந்தும் தாய்வழித் தாத்தா பாட்டியிடமே பையன் விடப்பட்டான். ஆனால் அந்தத் தந்தை மனைவியின் சாவு தொடர்பான குற்ற வழக்கில் இருந்தவர். பையனும் தாத்தா பாட்டியோடுதான் இருப்பேன் என்றான். உங்கள் மீது அப்படி எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஒன்பதாவது வயது வரை அவனை வளர்த்தவர் நீங்கள்.

சம்பளம் பற்றிய உங்கள் பயத்துக்கு ஒரு வரியே போதும்: பணம் அதிகம் உள்ளவரிடம்தான் பிள்ளை என்றிருந்தால் நாட்டில் பாதித் தாய்மார்கள் பிள்ளையை இழந்திருப்பார்கள்.

சுவீகாரமும் அந்த இரண்டு கையெழுத்துகளும்

கடிதத்தில் என்னை உண்மையாகவே கவலைப்படுத்திய இடம் இது. உயில் வெறும் பூச்சாண்டி. சுவீகாரம் நடந்துவிட்டால் அது அப்படி அல்ல. இந்து தத்தெடுப்புச் சட்டப்படி முறையாக நடந்த தத்தைப் பிறகு ரத்து செய்ய முடியாது. அன்று முதல் அவன் சட்டத்தின் கண்ணில் பெரியப்பாவின் மகன். நீங்கள் பெற்ற தாய் மட்டுமே.

ஆறுதலான செய்தி, அவனைத் தத்துக் கொடுக்கும் அதிகாரம் இன்று உலகத்தில் உங்கள் ஒருவருக்கே உண்டு. பேரனைத் தத்துக் கொடுக்கப் பாட்டிக்கு அதிகாரமே இல்லை. கொடுப்பதும் வாங்குவதும் நேரில், கைக்குக் கை நடக்க வேண்டும். ஹோமம் வளர்த்துப் படம் எடுத்துக்கொண்டாலும் நீங்கள் கொடுக்காத தத்து தத்தே ஆகாது. தசராப் படமும் வாளும் எதையும் நிரூபிப்பதில்லை. அதற்கு ஈடாக வீடோ பணமோ தருகிறோம் என்று யாராவது பேசினால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். தத்துக்குப் பணம் கைமாறுவது அதே சட்டத்தில் குற்றம்.

ஆபத்து அந்தப் பத்திரத்தாள்களில் இருக்கிறது. கொடுப்பவர், எடுப்பவர் இருவர் கையெழுத்தும் உள்ள தத்துப் பத்திரம் பதிவாகிவிட்டால், தத்து முறையாக நடந்தது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும்; இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் ஏறும். பதிவுக்கு நீங்கள் சார்பதிவாளர் முன் போய் நிற்கவில்லை என்பது நல்ல அரண். இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அந்தத் தேதியில் இன்ன காரணம் சொல்லி வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது, அதில் எதை எழுதினாலும் என்னைக் கட்டுப்படுத்தாது, மகனைத் தத்துக் கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை, தாள்களைத் திருப்பித் தாருங்கள் என்று வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். மாமியாருக்கும் மைத்துனருக்கும் தனித்தனியாக. பின்னாளில் ஏதாவது பத்திரம் முளைத்தால், அதற்கு முன்பே நீங்கள் மறுத்தீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மறுமணம்

மாமியார் சொல்வதைக் கேட்டால் சட்டம் தெரியாமல் மிரட்டுகிறார் என்று தோன்றும். அவருக்குத் தெரிந்தது பழைய சட்டம். 1856-ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டத்தில், தாய் மறுமணம் செய்துகொண்டால் இறந்தவரின் உறவினர்கள் பிள்ளைகளுக்கு வேறு காப்பாளர் கேட்டு மனுப்போட வழி இருந்தது. அந்தச் சட்டம் 1983-இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்று மறுமணத்தால் தாயின் காப்பாளர் உரிமை தானாகப் போவதில்லை. கணவர் சொத்தில் உங்களுக்கு வந்த பங்கும் அப்படியே இருக்கும்.

மறுமணம் செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம். ஒரு வக்கீலாக மட்டும் சொல்கிறேன்: வழக்கு நடக்கும்போது புதிதாக வருகிறவரைப் பற்றியும் நீதிமன்றம் விசாரிக்கும், பையனும் அந்த மாற்றத்தைத் தாங்க வேண்டியிருக்கும். மகன் வீடு திரும்பும்வரை அந்தப் பேச்சைத் தள்ளிவைப்பது நல்லது.

வேலூரா, சித்தூரா?

'வேறு மாநிலம்' என்பது உங்களைப் பயமுறுத்தச் சொன்னது. காப்பாளர் மற்றும் மைனர்கள் சட்டம், 1890, இரண்டு மாநிலங்களுக்கும் பொதுவானது. மைனர் வழக்கமாக எங்கே வசிக்கிறானோ அந்த ஊர் நீதிமன்றத்தில் மனு. பிறந்தது முதல் அவன் வசித்தது காட்பாடியில். விடுமுறைக்கு அனுப்பி, ஒரு வருடம் மட்டும் என்று கேட்டு வைத்துக்கொண்ட இடம் அவனுடைய வழக்கமான இருப்பிடம் ஆகிவிடாது என்பது நம் வாதம். ஆகவே வேலூர் குடும்ப நல நீதிமன்றத்தில் பிரிவு 25-இன் கீழ் மனு. உத்தரவு கிடைத்தால் அதைச் சித்தூர் நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்றிக்கொள்ள முடியும்.

இந்த வாதத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. பள்ளியில் சேர்த்து மாதங்கள் ஓடிவிட்டன; நீங்களும் சரி என்று சொல்லியிருக்கிறீர்கள். இன்னும் ஓராண்டு இப்படியே போனால் அவன் இருப்பிடம் சித்தூர்தான் என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு வலு கூடிவிடும். அவர்கள் முந்திக்கொண்டு அங்கே மனுப்போட்டால், இரண்டு ஊரில் இரண்டு வழக்கு, எது நடப்பது என்று மேலிடத்தில் முடிவாகும்வரை மாதங்கள் கரையும். அதனால் முதல் மனு உங்களுடையதாக இருக்கட்டும்.

உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப்போடச் சொல்லி யாராவது உங்களிடம் கூறலாம். தவறான யோசனை அல்ல. 2019-இல் தேஜஸ்வினி கவுட் வழக்கில், இறந்துபோன தாயின் உறவினர்களிடம் இருந்த குழந்தை ஆட்கொணர்வு மனுவின் மூலமே தந்தையிடம் வந்தது. சட்டப்படி உரிமை இல்லாதவர் கையில் பிள்ளை இருந்தால் அந்த வழி திறந்திருக்கிறது. ஆனால் பையன் இருப்பது ஆந்திரத்தில் என்பதால் அந்த மாநில உயர் நீதிமன்றமே நேரான இடம். அங்கே பையனின் மனநிலையையும் பள்ளியையும் நிதானமாக விசாரிக்க நேரம் இருக்காது. பையனை ஒளித்துவைத்தாலோ, வேறு ஊருக்கு மாற்றினாலோ, தத்துக்கு நாள் குறித்தாலோ அன்றே அந்தக் கதவைத் தட்டுங்கள். அதுவரை குடும்ப நல நீதிமன்றம் போதும்.

போலீஸ் வேண்டாம். நீங்களே அனுப்பிவைத்த பிள்ளை, வைத்திருப்பவர் பாட்டி. உத்தரவு இல்லாமல் எந்த நிலையமும் கையை வைக்காது. அப்படியே வைத்தாலும், தலைப்பாகை கட்டிய நாற்காலியிலிருந்து ஜீப்புக்கு இழுக்கப்பட்ட பையனின் மனத்தில் நீங்கள் யாராகப் பதிவீர்கள் என்று யோசியுங்கள்.

'வர மாட்டேன்' என்கிறானே?

ஒன்பது வயதுப் பையனிடம் நீ ராஜா என்று சொல்லி வேலைக்காரர்கள் கும்பிட்டால், கணக்கு வீட்டுப்பாடமும் அம்மாவின் அதட்டலும் இருக்கும் வாடகை வீட்டுக்கு அவன் ஏன் வரப்போகிறான்? அந்தப் பேச்சில் உங்கள் மேல் வெறுப்பு இல்லை. நீதிபதி அவனைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார். அறிந்து தெரிவு செய்யும் பக்குவம் இருந்தால் அவன் விருப்பத்தைக் கருதலாம் என்கிறது சட்டம்; அப்படியே ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்த பேச்சு எது, பிள்ளையின் பேச்சு எது என்று பிரித்தறிவது அந்த நாற்காலியில் இருப்பவர்களுக்குப் பழகிய வேலை.

நீங்கள் செய்ய வேண்டியது, அவன் உங்களை மறக்காமல் பார்த்துக்கொள்வது. ஞாயிறுதோறும் மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். வருகிறேன் என்று முந்தின நாளே வாட்ஸ்அப்பில் தெரிவியுங்கள். வாசலோடு திருப்பி அனுப்பினால் சண்டை போடாமல், 'இன்று வந்தேன், பார்க்க விடவில்லை' என்று அங்கிருந்தே இன்னொரு செய்தி அனுப்பிவிட்டு வாருங்கள். அவனிடம் பாட்டியைப் பற்றி ஒரு கெட்ட சொல் வேண்டாம். எப்போது வருவாய் என்று ஒவ்வொரு போனிலும் கேட்டு அவனை இருபக்கமும் இழுக்காதீர்கள். அவன் தங்கை பள்ளியில் என்ன செய்தாள் என்று பேசுங்கள். அண்ணனையும் தங்கையையும் பிரிக்கக் கூடாது என்பது உங்கள் வழக்கின் வலுவான பகுதி. மாமியார் வீட்டார் பெண் பிள்ளையை வேண்டாம் என்று ஒதுக்கியது, அவர்கள் தேடுவது பேரனை அல்ல, வாரிசை என்று காட்டிக்கொடுக்கிறது.

மாமியாரின் துக்கத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். மகன் போன வீட்டில் அந்த மகனின் சாயலில் ஒரு பையன் ஓடித்திரிவது அவருக்கு என்னவாக இருக்கும்! உங்கள் மனுவிலேயே நீங்களாக எழுதிக் கொடுங்கள்: தசராவுக்கும் கோடை விடுமுறையில் பாதிக்கும் இரு குழந்தைகளையும் பாட்டியிடம் அனுப்பத் தயார் என்று. இந்த ஒரு பத்தி நீதிபதியிடம் செய்யும் வேலையைப் பத்து முன்தீர்ப்புகள் செய்யா. குடும்ப நல நீதிமன்றம் முதலில் சமரசத்துக்குத்தான் அனுப்பும். அங்கேயும் பேச்சைத் தொடங்கி வைக்க அதுவே உதவும்.

கோரிக்கையை நான் இப்படி அமைப்பேன். இப்போதே பையனைப் பள்ளியிலிருந்து பிடுங்க வேண்டாம். கல்வி ஆண்டு ஏப்ரலில் முடிகிறது, மாமியார் கேட்ட 'ஒரு வருஷமும்' அதோடு முடிகிறது. உங்களுக்குப் பலவீனம் என்று நீங்கள் நினைத்த அந்தக் குரல் பதிவுதான், அவர்கள் தற்காலிகமாகவே கேட்டார்கள் என்பதற்கு ஆதாரம். ஜூன் முதல் மகன் காட்பாடியில் படிக்க வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கை. அதுவரை வார இறுதிகளில் உங்கள் வீட்டில் தங்க அனுப்பவும், நாள்தோறும் வீடியோ அழைப்புக்கும், தத்தோ பள்ளி மாற்றமோ செய்யத் தடை கேட்டும் இடைக்கால மனுக்கள்.

சொத்தைப் பற்றி இனிமேல் பயப்படாமல் இருக்க

உங்கள் கணவர் தேடிய சொத்தில், அதைப் பற்றி உயில் எதுவும் இல்லாவிட்டால், நீங்கள், மகன், மகள், மாமியார் நால்வருக்கும் சம பங்கு. ஆம், மாமியாருக்கும் உண்டு. அதை மறுக்கப் போகாதீர்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு இருப்பதைப் போலவே பிறப்புரிமை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும், உச்ச நீதிமன்றத்தின் 2020-ஆம் ஆண்டு வினீதா சர்மா தீர்ப்பும் அதில் சந்தேகம் வைக்கவில்லை. ஆந்திரம் நாட்டுக்கே முன்னோடியாக 1980-களிலேயே பெண்ணுக்கு இந்த உரிமையைக் கொடுத்த மாநிலம் என்பதையும் உங்கள் மைத்துனருக்கு யாராவது நினைவூட்டலாம். மகன் உங்களோடு இருந்தாலும் அமெரிக்காவில் இருந்தாலும் அவன் பங்கு அவனுடையது. பாகப்பிரிவினை வழக்கு பின்னால் போடலாம். இப்போது இரண்டையும் சேர்த்துப் போட்டால், பிள்ளையைச் சாக்கிட்டுச் சொத்துக் கேட்கிறாள் என்று அவர்கள் கதை கட்ட நீங்களே பேனா எடுத்துக் கொடுத்ததாகும். அதற்குள் நிலம் எதையாவது விற்க முனைந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள், தடை உத்தரவுக்குப் போகலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: மகனின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், காட்பாடிப் பள்ளியின் மதிப்பெண் அட்டைகளும் கட்டண ரசீதுகளும், கணவரின் இறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு இருக்கும் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் கேட்கும் சான்றிதழை இணைக்க அந்தக் கருவி வேண்டியிருக்கும். சித்தூர்ப் பள்ளியின் தலைமையாசிரியருக்கு, தாயும் காப்பாளரும் நானே, என் எழுத்துச் சம்மதம் இல்லாமல் மாற்றுச் சான்றிதழ் கொடுக்க வேண்டாம், மகனின் படிப்பு விவரங்களை எனக்கும் அனுப்புங்கள் என்று ஒரு கடிதம் போடுங்கள். பள்ளிகள் இத்தகைய கடிதத்தைப் பெரும்பாலும் மதிக்கும்.

வக்கீல் கட்டணத்தை நினைத்துத் தயங்கினால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நோட்டீஸ் மட்டும் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. அது இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் போகட்டும். ரசீதையும், போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் அதே கோப்பில் வையுங்கள்.